என் தொடர்கதையை யாரோ விற்கிறார்

கேள்வி: கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ பாத்திரங்களை வைத்து இணையத்தில் இலவசமாக ஒரு தொடர்கதை எழுதினேன். என் பெயரை நீக்கி, புது அட்டை போட்டு, யாரோ அதை மின்னூலாக விற்கிறார். கேட்டால், “கதையே இரவல்தானே?” என்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இரவல் என்ற வாதம் இங்கே எடுபடாது. கல்கி மறைந்தது 1954இல். எழுதியவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் என்ற இந்தியச் சட்டக் கணக்கில் பார்த்தாலும் 2014உடன் அவருடைய பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது என்பதால், வந்தியத்தேவன் எல்லோருக்கும் பொது. ஆனால் அவன் வாயில் நீங்கள் வைத்த சொற்கள் உங்களுக்கே உரியவை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இவ்வுரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. இலவசமாக வெளியிட்டதால் அது பறிபோவதுமில்லை. உங்கள் பெயரை நீக்கியது, அச்சட்டத்தின் 57ஆவது பிரிவு காக்கும் உரிமையையும் மீறுவதாகும்.

விற்பவரோடு மேலும் வாதாடாதீர்கள். பக்கத்தை அழித்துவிட்டு வேறு பெயரில் வந்துவிடுவார். விலையும் தேதியும் தெரியும்படி அப்பக்கத்தை உடனே படம்பிடித்து வைத்துக்கொண்டு, உங்கள் அத்தியாயங்கள் வெளியான நாள்களையும், இரண்டிலும் ஒன்றுபோலிருக்கும் பத்திகளையும் (உங்கள் எழுத்துப்பிழையும் அப்படியே அங்கிருந்தால் அதைவிடச் சான்று வேண்டியதில்லை) இணைத்து, விற்பனைத் தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் பிரிவுக்கு எழுத்துமூலம் அனுப்புங்கள். தளம் அசையாவிட்டால் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பலாம். இன்று வாழும் எழுத்தாளரின் பாத்திரங்களாக இருந்திருந்தால், என் பதில் இவ்வளவு தைரியமாக இருந்திருக்காது.