பந்து ஆடாதவருக்கும் புகழ்மண்டபமா?

வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டு

கேள்வி: கனடாவில் இருக்கிற எங்கட பெரியம்மாவின் மகனுக்கு அமெரிக்க உதைபந்தாட்டம் என்றால் பைத்தியம். நியூ இங்கிலன்ட் பேட்ரியட்ஸ் முதலாளி றொபேட் கிராஃப்ட்டை அந்த ஆட்டத்தின் பெரியவர்களை மதிக்கிற புகழ்மண்டபத்தில் சேர்க்கத்தான் வேண்டும் என்று போன் எடுக்கிற நேரமெல்லாம் சண்டை பிடிக்கிறார். தொழில்முறையாக ஒரு போட்டிகூட ஆடாமல் காசு மட்டும் போட்ட மனிசனுக்கு ஆட்டக்காரர் வரிசையில் என்ன இடம்?
— வாசகர், தருமபுரம்

பதில்: உங்கள் கேள்வியின் பாதிக்கு 1963ஆம் ஆண்டிலேயே பதில் சொல்லியாயிற்று. ஒஹாயோ மாநிலத்தின் கன்டன் நகரில் அந்த மண்டபம் திறந்தபோது எடுக்கப்பட்ட முதல் 17 பேரில், நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியைத் தொடங்கிய டிம் மாராவும் இருந்தார். அவர் குதிரைப் பந்தயப் புக்கியாக இருந்தவர். ஆகவே முதலாளிக்கு இடம் உண்டா என்பது அங்கே வழக்கே இல்லை. எந்த முதலாளிக்கு என்பதுதான் வழக்கு. (அங்கே ஆடுவது முட்டைவடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு ஆட்டம். முதலாளிகளின் குணம் இரண்டு ஆட்டத்திலும் ஒன்றுதான்.)

தெரிவு செய்கிறவர்கள் 50 பேர், பெரும்பாலும் விளையாட்டுச் செய்தியாளர்கள். 80 வீத வாக்கு வேண்டும். ஆடியவர் ஓய்வுபெற்று 5 வருடம் கழிந்த பிறகுதான் பெயர் எடுபடும். முதலாளிகள் ‘பங்களிப்பாளர்’ என்ற பிரிவில் வருவதால் அவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. கதிரையில் இருந்துகொண்டே உள்ளே போகலாம். டலஸ் கவ்போய்ஸ் முதலாளி ஜெரி ஜோன்ஸ் 2017இல் அப்படித்தான் போனார். எங்களைக் கேட்டால் இந்த விதி தலைகீழாகக் கிடக்கிறது. ஓய்வுபெற்ற ஆட்டக்காரரால் யாருக்கும் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. முதலாளியின் செல்வாக்கோ அவர் இருக்கும் மட்டும் இருக்கும். வாக்குப் போடும் செய்தியாளர் நாளைக்கும் அவருடைய அணியின் வாசலில்தான் செய்திக்கு நிற்கவேண்டும்.

யாரை எடுப்பது? கிண்ணங்களை எண்ணினால் கணக்குப் பிழைத்துப் போகும். கிண்ணத்தை வென்றவர்கள் ஆட்டக்காரரும் பயிற்றுநரும். முதலாளியிடம் கேட்கவேண்டியது வேறு: அந்த ஆள் இல்லாதிருந்தால் எது இல்லாமல் போயிருக்கும்?

லமார் ஹன்ட்டைப் பாருங்கள். இருக்கிற லீக்கில் (NFL) அணி கிடைக்கவில்லை என்று 1959இல் புது லீக் ஒன்றையே தொடங்கினார். 1960இல் அது 8 அணிகளோடு ஆடியது. 1970இல் பழைய லீக் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. லீக்கின் இறுதிப்போட்டிக்கு ‘சுப்பர் போல்’ என்ற பெயர் அவர் சொன்னது. அவர் 1972இல் மண்டபத்துக்குள் போனதில் மறுபேச்சு இல்லை. எங்கள் உதைபந்தாட்டத்துக்கும் அங்கே காசு போட்டவர் என்பதால் அமெரிக்கத் திறந்த கிண்ணத்துக்கு 1999 முதல் அவருடைய பெயர்.

மறுபக்கம் ஆர்ட் மொடெல். கிளீவ்லன்ட் பிரவுன்ஸை 1961இல் வாங்கியவர். லீக்கின் தொலைக்காட்சி ஒப்பந்தங்களைப் பல வருடம் பேசி முடித்தவர். திங்கள் இரவு ஆட்டம் 1970இல் தொலைக்காட்சிக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. ஆனால் 1995இல் அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோகிறேன் என்று அறிவித்தார். கிளீவ்லன்டில் இருந்து கன்டனுக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர்தான். அந்த ஊர்ச்சனம் இன்னும் மறக்கவில்லை. 2001இலும், இறந்த பிறகு 2013இலும் இறுதிப் பட்டியல்வரை வந்தும் எடுபடவில்லை. சரியான தீர்ப்பு என்பது எங்கள் எண்ணம். தொலைக்காட்சி ஒப்பந்தத்தை இன்னொருவரும் பேசியிருப்பார். தலைமுறை தலைமுறையாக வந்த ஊரின் அணியைப் பெயர்த்தது அவர் ஒருவரே.

இந்தத் தராசில் கிராஃப்ட் தேறுகிறார், உங்கள் அண்ணன் சொல்லும் காரணத்துக்காக அல்ல. அணி வென்ற ஆறு சுப்பர் போலில் பெரும்பங்கு ஆட்டக்காரர் பிரேடிக்கும் பயிற்றுநர் பெலிசெக்குக்கும். கிராஃப்ட்டின் பங்கு 1994இல் இருக்கிறது. மைதானமும், அணி அங்கேதான் ஆடவேண்டும் என்ற குத்தகை ஒப்பந்தமும் அவர் கையில் இருந்தன. அப்போதைய முதலாளி, ஒப்பந்தத்தை விட்டால் 75 மில்லியன் டொலர் தருகிறேன் என்றார், அணியை சென். லூயிஸுக்கு நகர்த்தும் யோசனை அது. கிராஃப்ட் அந்தக் காசை வேண்டாம் என்று விட்டு, 172 மில்லியன் கொடுத்து அணியையே வாங்கினார். 2002இல் திறந்த புது மைதானத்தையும் தனியார் காசில் கட்டினார். எதிர்க்கணக்கும் உண்டு: 2007இல் எதிரணியின் சைகைகளைப் படமெடுத்த குற்றத்துக்கு அணிக்கு 250,000 டொலர் தண்டம், புது ஆட்டக்காரரை எடுக்கும் வருடாந்தத் தெரிவில் முதற்சுற்று வாய்ப்பும் பறிபோனது. அதைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதலாம். வாசலை அடைக்க அது போதாது.

கேள்வி: எங்கட கழகத்துக்கு சுவிஸில் இருக்கிற ஊரவர் ஒருவர் கனகாலமாக உதவுகிறார். இந்த வருடச் சுற்றுப்போட்டியில் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்து, மதிப்பளிப்புச் சுவர் ஒன்றும் திறப்போம் என்று பெடியள் நிற்கிறாங்கள். பழைய ஆட்டக்காரர் சிலர் முகத்தைத் திருப்புகினம். எப்படிச் செய்யலாம்?
— கழகச் செயலாளர், முள்ளியவளை

பதில்: அவசரப்படாதீர்கள். இரண்டு வேலையைப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

மைதானத்துக்குப் பெயர் வைப்பது கழகத்தின் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காணி பிரதேச சபையினுடையது என்றால் சபையின் தீர்மானம் வேண்டும். பாடசாலையினுடையது என்றால் கழகத்துக்குப் பேச்சே இல்லை. “காணியையே அவர்தான் தந்தவர்” என்றால் இன்னும் கவனம். வன்னியில் ஏராளமான காணி அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. வெள்ளைத்தாளில் “கழகத்துக்குக் கொடுக்கிறேன்” என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் அது காணி கொடுத்ததாகாது. உறுதிக் காணி என்றாலும் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதியவேண்டும். யாருடைய பெயரில் முடிப்பது, கழகத்தின் பெயரிலா பொறுப்பாளர்கள் பெயரிலா என்பதை யாப்பை எடுத்துக்கொண்டு போய் நொத்தாரிசிடமே கேளுங்கள். இதைச் செய்யாமல் பெயர்ப்பலகை நட்ட இடங்களில் நடப்பது ஒன்றுதான்: கொடுத்தவர் இறந்த பிறகு பிள்ளைகள் வந்து வேலி போடுவார்கள். பலகை வேலிக்கு உள்ளே நிற்கும், கழகம் வெளியே நிற்கும்.

இனிச் சுவர். தெரிவை நிர்வாகசபையிடம் விடாதீர்கள். காசு வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதிய பொருளாளரே வாக்கும் போட்டால் அது நன்றிக்கடன், மதிப்பு அல்ல. 10 பேர் கொண்ட தனிக்குழு போடுங்கள்: பழைய ஆட்டக்காரர் நால்வர், நடுவர் ஒருவர், பயிற்றுநர் ஒருவர், பாடசாலை விளையாட்டு ஆசிரியர் ஒருவர், மாதர் சங்கத்தில் இருந்து ஒருவர், பக்கத்து ஊர்க் கழகங்களில் இருந்து இருவர். பக்கத்து ஊரார் எதற்கு என்று பெடியள் கேட்பார்கள். உங்கள் ஊருக்குள் சொல்ல முடியாததை அவர்கள்தான் சொல்வார்கள். உதவியவரின் உறவினர் குழுவில் இருக்கக்கூடாது. முள்ளியவளையில் உறவில்லாத பத்துப் பேரைப் பிடிப்பது கஷ்டம் என்பது தெரியும். மூன்றாம் முறை உறவுக்கு அப்பால் என்றாவது எல்லை வையுங்கள்.

80 வீதம் என்ற அளவு நல்லது. ஏன் 10 பேர் என்றால், ஒன்பது பேரில் 80 வீதம் 7.2 வரும்; ஏழா எட்டா என்று அந்த இடத்திலேயே சண்டை தொடங்கும். பத்துப் பேரில் எட்டு, பேச்சில்லை. வராதவரின் வாக்கு எதிர் வாக்கா, இல்லாத வாக்கா என்பதையும் முன்னரே யாப்பில் எழுதுங்கள். மூடிய சீட்டில் வாக்கு. எண்ணிக்கை கூட்டக் குறிப்பேட்டில் ஏறவேண்டும். யார் எப்படிப் போட்டார் என்பது ஏறக்கூடாது.

குழுவின் முன் வைக்கவேண்டியது புகழுரை அல்ல, கணக்கு. பற்றுச்சீட்டுப் புத்தகம், வங்கிப் புத்தகம், கூட்டக் குறிப்பேடு மூன்றையும் வைத்து வருடவாரியாக ஒரு தாள் தயாரியுங்கள். அதிலே எது நின்றது, எது போனது என்று பிரியுங்கள். ஜேர்சியும் பந்தும் இரண்டு பருவத்தில் போய்விடும். அவை உதவிதான், சுற்றுப்போட்டி மலரில் நன்றி சொன்னால் கணக்குச் சரி. கட்டாக்காலி மாடு உள்ளே வராத வேலி, கோடையிலும் தண்ணீர் தரும் குழாய்க்கிணறு, மாரித் தண்ணீர் தேங்காத நிலம் என்பவை வேறு வகை. நிலத்தைச் சமப்படுத்தக் காசு தந்தார் என்றால், நடுக்கோட்டில் இருந்து பக்கக்கோட்டுக்குச் சரிவு விட்டதா என்று பாருங்கள். 68 மீற்றர் அகலத்துக்கு நடுவே 34 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தால் நூற்றுக்கு ஒன்று வரும். கிறவலைக் கொட்டி ரோலர் ஓட்டித் தட்டையாக்கிய மைதானம் ஐப்பசி மழைக்குக் குளமாகும். பார்வைக்குப் பெரிய செலவு, பயனில் அரைவாசி.

பெண்பிள்ளைகளின் அணிக்கும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட அணிக்கும் காசு போனதா என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். முதல் அணிக்கு மட்டும் கொடுப்பவர் கிண்ணத்துக்குக் கொடுக்கிறார்.

கடைசியாகக் காலம். அமெரிக்க விதியை இங்கே திருப்பிப் போடுங்கள்: பெரிய உதவி நின்று 5 வருடம் ஆனபின், அல்லது அவர் இறந்தபின். கொடுத்துக்கொண்டிருப்பவரின் பெயரைச் சுவரில் ஏற்றினால், அடுத்த வருடம் இன்னொருவர் “நான் எவ்வளவு போட்டால் என் பெயர் வரும்?” என்று கேட்பார். கேட்டவரில் பிழை இல்லை.

கேள்வி: போசகர் இந்த வருடம் தன் மருமகனை அணித்தலைவராகப் போடச் சொல்கிறார். மறுத்தால் காசு நிற்கும். என்ன செய்ய?
— வாசகர், நெடுங்கேணி

பதில்: மறுங்கள். காசு நிற்கட்டும். அதற்கு முன்னரே ஒரு பருவச் செலவை வங்கியில் தனியாக வைத்திருந்தால் மறுப்பது இலகு.

கேள்வி: உங்களிடம் ‘முதலாளி’ கதையாகவே இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கழகங்களுக்கு முதலாளி இல்லையே? முதலாளி இல்லாமல் பெரிய கழகம் நடக்குமா?
— வாசகர், உருத்திரபுரம்

பதில்: நடக்கும். அமெரிக்காவில் ஒரு இலட்சம் பேர் அளவில் உள்ள கிறீன் பே என்ற சிறு நகரத்தின் பக்கர்ஸ் அணிக்கு 1923 முதல் தனி முதலாளி இல்லை. 5 இலட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரர். பங்குக்கு இலாபம் இல்லை, இலாபத்துக்கு விற்கவும் முடியாது. அணியைக் கலைத்தால் சொத்து தர்மத்துக்குப் போகும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே யாருக்கும் அதை விற்கும் ஆசை வருவதில்லை. ஜேர்மனியில் கழக உறுப்பினர் கையில் பாதிக்கு மேல் வாக்கு இருக்கவேண்டும் என்ற விதி 1998இல் இருந்து இருக்கிறது.

உங்கள் கழகமும் அதே ஜாதிதான்: யாப்பு, பொதுக்கூட்டம், தெரிவுசெய்த நிர்வாகசபை, விளையாட்டு உத்தியோகத்தர் மூலம் பதிவு. ஒரு வேலை செய்யுங்கள். யாப்பை எடுத்து, கழகம் கலைந்தால் சொத்து யாருக்கு என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், வரும் பொதுக்கூட்டத்திலேயே திருத்தம் கொண்டுவந்து, திருத்திய யாப்பின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கொடுத்துவிடுங்கள். கோல்கம்பம் முதல் வங்கிக் காசு வரை அந்த ஒரு வாசகத்தில்தான் தங்கியிருக்கிறது.

கேள்வி: ஒருவரை மதித்துப் பெயர் பொறித்த பிறகு அவருடைய கெட்டது தெரியவந்தால் பெயரை எடுக்கலாமா?
— வாசகர், மாங்குளம்

பதில்: அமெரிக்க மண்டபம் எடுப்பதில்லை. மேலே சொன்ன முதல் 17 பேரில் இன்னொரு முதலாளியான ஜோர்ஜ் பிரஸ்டன் மார்ஷல் வோஷிங்டன் அணியில் 1962 வரை ஒரு கறுப்பினத்தவரையும் ஆடவிடவில்லை. அவர் மனம் மாறியது தானாக அல்ல. புது மைதானம் மத்திய அரசின் நிலத்தில் இருந்ததால் அரசு நெருக்கியது. 2020இல் பழைய மைதான வாசலில் நின்ற அவருடைய நினைவுச் சின்னத்தை அகற்றினார்கள். கன்டன் மண்டபத்தில் அவருடைய வெண்கலத் தலைச்சிலை இன்றும் இருக்கிறது. சன் பிரான்சிஸ்கோ அணியின் முதலாளியாக இருந்த எடி டிபார்டலோ சூதாட்ட அனுமதி விவகாரம் ஒன்றில் 1998இல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். 2016இல் அவரை உள்ளே எடுத்தார்கள்.

ஊர்க் கழகத்துக்கு இந்தப் பிடிவாதம் தேவையில்லை. சேர்க்க எட்டு வாக்கு என்றால் நீக்கவும் எட்டு வாக்கு என்று விதியிலே போடுங்கள். பலகையையும் அதற்கு ஏற்றமாதிரிச் செய்யுங்கள். ஒரே கருங்கல்லில் எல்லாப் பெயரையும் வெட்டினால் ஒன்றை எடுக்கக் கல்லையே உடைக்கவேண்டிவரும். ஆளுக்கு ஒரு சிறு கல், துருப்பிடிக்காத திருகாணி நான்கு. பிளெக்ஸ் அடிக்காதீர்கள், வன்னி வெயிலுக்கு வெளுத்துவிடும். கோல்கம்பத்துக்குப் பின்சுவரில் வைக்காதீர்கள், பந்து படும். பெயருக்குக் கீழே ‘வள்ளல்’, ‘கொடைச்செம்மல்’ என்று பட்டம் வேண்டாம். செய்த வேலையையும் வருடத்தையும் ஒரே வரியில் எழுதுங்கள்: “மைதான வேலி, குழாய்க்கிணறு, 2012–2016”. கல்லு வெட்டக் கொடுக்க முன் அந்த வரியைப் பொருளாளரின் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்.