இங்கிலாந்து வரும்போது ஒரு பழைய பப்பில் ரியல் ஏல் குடித்துப் பார்க்க ஆசை. எங்கே போகலாம், என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

வட இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் இருக்கும் லீட்ஸ் பக்கம் வர முடிந்தால் யோசிக்கவே வேண்டாம், விட்லாக்ஸ் என்ற பப்புக்குப் போங்கள். நான் இந்த ஊரில்தான் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கூட்டிப்போவது அங்கேதான். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பிரிகேட் என்ற பெரிய கடைவீதியில் கடைகளுக்கு நடுவே ஒரு குறுகிய சந்து பிரியும், பெயர் டர்க்ஸ் ஹெட் யார்டு. தெரியாதவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள், பலகையைப் பார்த்து நடங்கள். சந்துக்குள் நுழைந்ததும் கடைவீதி இரைச்சல் சட்டென்று குறையும். ஒரு பக்கம் நீளமாக பப், வெளியே மேசைகள்.

1715-இல் டர்க்ஸ் ஹெட் என்ற பெயரில் தொடங்கிய இடம் இது. 1867-இல் ஜான் லப்டன் விட்லாக் என்பவர் உரிமம் பெற்றார். அவர் குடும்பம் 1886-இல் உள்ளே எல்லாவற்றையும் புதுப்பித்தது. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த விக்டோரியா காலத்து வேலைப்பாடுதான். கௌண்டரின் முன்பக்கம் முழுக்க வண்ண ஓடுகள், மேசைகளில் செம்புத் தகடு, பளபளக்கும் பித்தளை, சுவரெல்லாம் பழைய கண்ணாடிகள். அகலம் ரொம்பக் குறைவு. கூட்டமான மாலையில் கௌண்டரில் நிற்பவர்களின் முதுகை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், "சாரி" ஒன்று போதும்.

சரி, ரியல் ஏல் விஷயத்துக்கு வருவோம், அதுவும் ஒரு வகை பீர்தான். கடையில் விற்கும் பீரில் பெரும்பாலானது ஈஸ்ட்டை வடிகட்டி, சூடாக்கிக் கிருமி நீக்கி, கேஸ் ஏற்றி அனுப்புவது. ரியல் ஏல் அப்படியில்லை. பீப்பாயில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பப்புக்கு வந்து சேரும். அங்கே நிலவறையில் படுக்க வைத்த பீப்பாய்க்குள் இரண்டாவது முறை புளிக்கும். வெளியிலிருந்து கரியமில வாயு எதுவும் செலுத்துவதில்லை. காலையில் இறக்கிய கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் ருசி வேறு என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்களே, அதே மாதிரிதான். திங்கட்கிழமை குடித்த அதே ஏல் புதன்கிழமை கொஞ்சம் மாறியிருக்கும்.

அதனால்தான் இதை பாட்டிலில் வாங்கி வீட்டில் குடித்துவிட்டு "குடித்தாயிற்று" என்று சொல்ல முடியாது என்கிறேன். பாதி வேலை மதுவாலையில் நடக்கிறது, மீதி பப்பின் நிலவறையில். பீப்பாயின் மேல் துளையில் சின்ன மரக்கட்டை செருகி, கேஸ் எவ்வளவு வெளியேற வேண்டும் என்று பார்த்துப் பார்த்து விடுவார்கள். அடியில் மண்டி தங்கும் வரை ஆட்டாமல் அசைக்காமல் காத்திருப்பார்கள். திறந்து ஊற்ற ஆரம்பித்த பிறகு காற்று உள்ளே போகும், மூன்று நாள் போல நன்றாக இருக்கும், அப்புறம் புளிப்பு ஏறும். வழக்கமான சின்னப் பீப்பாய் 9 கேலன், அதாவது 72 பைண்ட் (ஒரு பைண்ட் என்பது 568 மில்லி). அத்தனையும் அதற்குள் விற்க வேண்டும். ஆகவே ஆளில்லாத பப்பில் பத்து வகை ஏல் வரிசையாக இருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. நாலே வகை இருந்து கூட்டமும் இருக்கிற பப்தான் நல்லது.

1960-களில் பெரிய கம்பெனிகள் இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று கேஸ் ஏற்றிய கெக் பீருக்கு மாறிக்கொண்டிருந்தன. அதை எதிர்த்து 1971-இல் நான்கு நண்பர்கள் தொடங்கிய இயக்கம்தான் காம்ரா. அந்த இயக்கம் மட்டும் இல்லையென்றால் இன்று நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள் என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் வெளியிடும் குட் பீர் கைடு என்ற பப் வழிகாட்டிப் புத்தகம் எந்த ஊருக்குப் போனாலும் நம்பகமான துணை.

கௌண்டரில் உயரமான கைப்பிடிகள் தெரியும், அவைதான் கைப்பம்புகள். ஊற்றுபவர் கண்ணாடி கிளாஸைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, கைப்பிடியை நிதானமாகத் தன் பக்கம் இழுப்பார். இரண்டு மூன்று இழுப்பில் கிளாஸ் நிறையும். முதலில் எல்லாம் கலங்கலாக, பால் விட்டது போல் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். அடியிலிருந்து மெல்லத் தெளிந்துகொண்டே வந்து, மேலே கெட்டியான வெள்ளை நுரை மட்டும் நிற்கும். யார்க்‌ஷயரில் பம்பின் மூக்கில் சல்லடைத் துளை போட்ட சின்ன மூடி ஒன்றை மாட்டுவார்கள், நுரை கெட்டிப்படுவது அதனால்தான். லண்டன் பக்கம் அது இல்லாமல் ஊற்றுவார்கள், நுரை மெலிதாக இருக்கும். எது சரி என்று இங்கே மணிக்கணக்கில் வாதாடுவார்கள். நான் யார்க்‌ஷயர் கட்சி.

வெதுவெதுப்பான பீர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது உண்மையில்லை. நிலவறையின் குளிர்ச்சி, 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். ஃபிரிட்ஜ் குளிரில் நாக்கு மரத்துப்போய் மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தின் இனிப்பும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் தெரியாது. முதல் தடவைக்கு பக்கத்து ஊரான கீத்லியில் தயாராகும் டிமோதி டெய்லர் லேண்ட்லார்ட் என்ற ஏல் இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் ஆல்கஹால் 4 சதவீதத்தை ஒட்டிய ஏதாவது ஒரு பிட்டர், அதாவது சற்றுக் கசப்பான ஏல் வகை. எதை வாங்குவது என்று குழப்பமாக இருந்தால் கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்று கேட்கலாம், சின்ன கிளாஸில் தருவார்கள். பம்பில் மாட்டிய பெயர் அட்டை திரும்பியிருந்தால் அது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். குடிக்க வாங்க நீங்கள்தான் கௌண்டருக்குப் போக வேண்டும், அங்கேயே பணம் கொடுத்துவிட வேண்டும். வரிசை இருப்பதாகத் தெரியாது, ஆனால் யார் முதலில் வந்தார்கள் என்பது ஊற்றுபவருக்கும் தெரியும், நிற்பவர்களுக்கும் தெரியும். உங்களுக்கு முன்னால் வந்தவரைக் காட்டி "இவர்தான் அடுத்து" என்று சொன்னால் ஒரே நொடியில் அந்த ஊர்க்காரர் ஆகிவிடுவீர்கள். நண்பர்களோடு போனால் ஒருவர் மாற்றி ஒருவர் எல்லோருக்கும் வாங்குவது வழக்கம், உங்கள் முறை வரும்போது நழுவாதீர்கள். கூடவே மற்றவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தேவையில்லை, அரை பைண்ட் கேட்டால் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள்.

சைவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைப் பல மதுவாலைகள் இன்னமும் சேர்க்கின்றன. அது ஈஸ்ட்டை இழுத்துக்கொண்டு மண்டியோடு அடியில் தங்கிவிடும், என்றாலும் சேர்த்தது சேர்த்ததுதான். அது சேர்க்காத ஏல்களும் இப்போது நிறைய வருகின்றன. எது என்று கௌண்டரில் கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள்.

வினிகர் வாடை அடித்தால் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். நல்ல பப்பில் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவார்கள். சண்டை போடுகிறோமோ என்று கூச்சப்பட வேண்டாம், பீப்பாய் கெட்டது அவர்களுக்கும் தெரிய வேண்டுமே.

சனிக்கிழமை மாலையைத் தவிர்த்துவிடுங்கள். வார நாளில் பிற்பகல் மூன்று மணி வாக்கில் போனால் உட்கார இடம் கிடைக்கும், ஓடுகளையும் கண்ணாடிகளையும் நிதானமாகப் பார்க்கலாம், ஊற்றுபவருக்கும் பேச நேரம் இருக்கும். லீட்ஸ் வர முடியாவிட்டால் லிவர்பூலில் ஃபில்ஹார்மோனிக் டைனிங் ரூம்ஸ், லண்டனில் பிளாக்ஃப்ரையர், இரண்டுமே நகர மையத்தில் இருப்பவை, கட்டடத்துக்காகவே பார்க்கலாம். எங்கே போனாலும் காரை விட்டுவிட்டுப் போங்கள்.