லாரேயின் வண்டியும் கத்தியும் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

நெப்போலியனின் படை மருத்துவர் தொமினிக் ழான் லாரே பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். அவருடைய ஆம்புலன்ஸ் வண்டிகள் வியப்பளிக்கின்றன. ஆனால் 1812இல், பொரோடினோ போரின்போது, ஒரே நாளில் ஏறத்தாழ 200 பேரின் கை கால்களை வெட்டியெடுத்தவரை மனிதநேயர் என்று ஏற்க மனம் வரவில்லை.

ஒரு மருத்துவ மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் தயக்கம் நியாயமானது. அந்த அறுவைகள் மயக்க மருந்து இல்லாமல் நடந்தவை; ஈதர் என்னும் மருந்தை முகரச் செய்து வலியின்றி அறுவை செய்யலாம் என்று அமெரிக்காவின் பாஸ்டனில் எல்லோரும் காணச் செய்துகாட்டப்பட்டது, லாரே இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1846இல்தான். ஆயினும் அவருடைய வண்டியையும் கத்தியையும் தனித்தனியே மதிப்பிட இயலாது என்றே கருதுகிறேன்.

1792இல் அவர் பிரான்சின் ரைன் படையில் சேர்ந்தபோது, மருத்துவ வண்டிகள் போர்முனைக்கு ஒரு லீக், அதாவது ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர், பின்னால் நிற்க வேண்டும் என்பது விதி. சண்டை ஓய்ந்த பிறகே காயம்பட்டவர்களைத் தேடினார்கள். குதிரைப் பீரங்கிப் படையின் வேகத்தைக் கண்ட லாரே, குதிரைகள் விரைந்து இழுக்கக்கூடிய இலகுவான வண்டிகளை அமைத்து, சண்டை நடக்கும்போதே மருத்துவர்களைக் களத்துக்கு அனுப்பினார்.

எலும்பு நொறுங்கிய உறுப்பை அகற்றச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும் என்பது அன்றைய மருத்துவர் பலரின் கொள்கை. லாரேயோ 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்றார். அடிபட்ட அதிர்ச்சியில் உறுப்பு மரத்திருக்கும் முதல் சில மணி நேரத்தில் வலி குறைவு, சீழும் காய்ச்சலும் இன்னும் தொடங்கியிருக்காது, உடைந்த எலும்போடு கரடுமுரடான சாலையில் குலுங்கிச் செல்லும் வதையும் இராது என்பவை அவர் களத்தில் கண்டு சொன்ன காரணங்கள். காயம் சீழ்பிடிக்கக் கிருமிகளே காரணம் என்று அறியப்படாத காலத்தில் இந்த முடிவுக்கு வந்தது எனக்கு இன்றும் பெரும் வியப்பு. மருத்துவரை உரிய நேரத்தில் கொண்டு சேர்க்கும் வண்டி இல்லையென்றால் அந்த முடிவு ஏட்டோடு நின்றிருக்கும்.

பதவியையோ நாட்டையோ பாராமல், காயத்தின் கடுமையை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தியவரும் அவரே. ஆனால் மனிதநேயர் என்று நான் எழுதியபோது என் மனத்தில் இருந்தது 1813ஆம் ஆண்டு நிகழ்வு. ஜெர்மனியில் நடந்த பௌட்சன் போருக்குப் பின், கைகளில் காயம்பட்ட இளம் வீரர்கள் பலர் போருக்கு அஞ்சித் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள், நிரூபணமானால் மரணம். நெப்போலியனே சந்தேகப்பட்ட நிலையிலும், லாரே ஒவ்வொருவரின் காயத்தையும் பரிசோதித்து, பயிற்சி போதாதவர்கள் வரிசையாக நின்று சுடும்போது பின்வரிசையின் குண்டு முன்வரிசையில் இருப்பவரின் கையைத் துளைத்துவிடுகிறது என்று விளக்கி, அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அறிக்கை அளித்தார். நெப்போலியன் அதை ஏற்றுக்கொண்டார்.