மலையில் வரும் காய்ச்சலும் ஸ்க்ரப் டைபஸும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சிம்லாவில் வேலை பார்க்கும் என் மகனுக்கு ஐந்து நாள்களாகக் காய்ச்சலும் தலைவலியும் இருக்கின்றன. டெங்கு, மலேரியா இரண்டும் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்டுகள்) மட்டும் குறைந்துள்ளன. வேறு என்னவாக இருக்கும்?

பதில்: அம்மா, மழைக்காலம் முடியும் இந்த நாள்களில் இமாச்சல மலைகளிலிருந்து இப்படியொரு காய்ச்சல் வந்தால் முதலில் ஸ்க்ரப் டைபஸை, அதாவது நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படுவதை, நினைக்க வேண்டும். தட்டணுக் குறைவு டெங்குவுக்கு மட்டும் உரியதன்று. இன்றே மருத்துவமனைக்குச் சென்று, ஆடையை விலக்கி உடல் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை அழுத்தும் இடம், காதின் பின்புறம் ஆகியவற்றில் எங்கேனும் சிகரெட்டால் சுட்டது போன்ற கரும்பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்போடு இருக்கலாம். பெரும்பாலும் அது வலிப்பதில்லை. ஆகவே நோயாளியே அதை அறிந்திருக்க மாட்டார். அது கண்ணில் படாவிட்டால் நோய் இல்லை என்றும் முடிவு கட்டக் கூடாது.

கேள்வி: மலைப்பகுதிகளில் இது ஏன் மிகுதி?

பதில்: இந்நோயை உண்டாக்கும் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்னும் பாக்டீரியாவைச் சுமப்பது, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்புழு. எலிகள் நடமாடும் புதர்களிலும் உயர்ந்த புல்லிலும் அது காத்திருக்கும். இமாச்சலத்தில் குளிர்காலத் தீவனத்துக்காகச் செப்டம்பர், அக்டோபரில் சரிவுகளில் புல் அறுப்பார்கள்; அறுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடிபட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள்களில் காய்ச்சல் தொடங்குவதால், புல்லுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை அவர்களே நினைத்துப் பார்ப்பதில்லை. மருத்துவர்தான் கேட்டறிய வேண்டும்.

கேள்வி: நான் செவிலியர். செஃப்ட்ரியாக்சோன் என்னும் ஆன்டிபயாடிக் ஊசி மூன்று நாள் போட்டும் ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. ஸ்க்ரப் டைபஸுக்கான வெயில்-ஃபெலிக்ஸ் ரத்தச் சோதனையும் எதிர்மறை. காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். இந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளேயே வாழ்வதால் அந்த ஊசிமருந்து இதனிடம் பலிப்பதில்லை. வெயில்-ஃபெலிக்ஸ் பல நோயாளிகளைத் தவறவிடும் பழைய சோதனை. நோய் எதிர்ப்புப் பொருளைக் கண்டறியும் ஐஜிஎம் எலிசா என்னும் ரத்தச் சோதனை அதனினும் மேலானது என்றாலும் முதல் வாரத்தில் அதுவும் எதிர்மறையாக வரலாம். ஆகவே ஐயம் வலுவாக இருந்தால் சோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவதே முறை: பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை. பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் தணிகிறது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்பட்டு உயிரே போகக்கூடும். விலை மலிவான ஒரு மாத்திரை கைக்கெட்டும் தொலைவில் இருக்கையில் அப்படி ஓர் உயிர் போவது எனக்குப் பொறுக்க முடியாத வேதனை. நோய் கடுமையானவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசின் என்னும் மற்றோர் ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியே தருவது, ஒன்றை மட்டும் தருவதைவிடப் பலனளிப்பதை வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது.

கேள்வி: கருவுற்ற பெண்ணுக்கு?

பதில்: அசித்ரோமைசின் தருவதே வழக்கம்.

கேள்வி: அடுத்த வாரம் மலையேற்றம் செல்கிறோம். தடுப்பூசி உண்டா? ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா?

பதில்: தடுப்பூசி இல்லை, ஆள்விட்டு ஆள் தொற்றுவதும் இல்லை. முழுக்கால் சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், டீட் என்னும் பூச்சிவிரட்டி கலந்த பூச்சுமருந்தைத் தடவுங்கள், வெறும் புல்லில் படுக்காதீர்கள், திரும்பியதும் சோப்பிட்டுத் தேய்த்துக் குளித்துத் துணிகளை வெந்நீரில் துவையுங்கள். ஊர் திரும்பி மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், எந்த மலைக்குச் சென்றீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.