நல்ல மாரிக்குப் பிறகு ஏன் நெருப்புப் பயம்? கேள்வி பதில்

போன கிழமை ஒரு வரி எழுதிப் போட்டேன்: "இந்த முறை மாரி தாராளம், ஆகவே ஆடியில் படுவான்கரைப் பக்கம் நெருப்புக்குக் கவனம்." (படுவான்கரை என்றால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைப் பக்கம்.) மழைக்கும் நெருப்புக்கும் முடிச்சுப் போடுகிறேனே என்று சிலர் சிரித்தார்கள், பலர் கேள்வி கேட்டார்கள். விவசாயப் போதனாசிரியராக ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் பார்த்ததையும் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

வவுணதீவிலிருந்து ஒரு தம்பி: சேர், மழை பெய்தால் நிலம் ஈரமாகத்தானே இருக்கும்? பிறகு எப்படி நெருப்பு கூடும்?

மழை பெய்யும் நாளில் கூடாது தம்பி. ஐந்தாறு மாதம் கழித்துத்தான் கூடும். எரிவதற்கு முதலில் ஏதாவது வளர்ந்திருக்க வேண்டும். வறண்ட நிலத்தில் புல் எவ்வளவு வளரும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். மாரி பொய்த்த வருடம் புல் திட்டுத்திட்டாக நிற்கும், நடுவே வெறும் மண். நெருப்பு ஒரு திட்டிலிருந்து மற்றதற்குத் தாவ முடியாமல் அணைந்துவிடும். நன்றாகப் பெய்த வருடம் அதே தரை இடைவெளியில்லாத பாய் மாதிரி மூடிவிடும். கோடையில் அந்தப் பாய் அப்படியே காய்கிறது.

புல் காயும் வேகத்தையும் யோசியுங்கள். பென்சிலை விட மெல்லிய காய்ந்த புல், சருகு எல்லாம் காற்றின் ஈரத்தோடு ஏறி இறங்கும். காலைப் பனியில் நனைந்தது பத்து மணி வெயிலுக்குள் பற்றத் தயார். பெரிய மரக்கட்டைக்கு அதே வேலைக்கு வாரக்கணக்கு வேண்டும்.

களுவாஞ்சிகுடி: என் தங்கச்சி கலிபோர்னியாவில் இருக்கிறா. லொஸ் ஏஞ்சல்ஸ் நெருப்புக்கு முதல் இரண்டு வருடம் அங்கே நல்ல மழை என்று சொன்னா. அது உண்மையா?

உண்மை. அங்கேயும் மழை நமது மாரி மாதிரி குளிர் மாதங்களில்தான் வரும். 2022-23, 2023-24 இரண்டு பருவமும் அமோகம். மலைச்சரிவெல்லாம் புல்லும் பற்றையும் செழித்தன. அதற்குப் பிறகு 2024 மே தொடக்கத்திலிருந்து 2025 ஜனவரி வரை நகரின் மத்தியில் பெய்தது ஏறத்தாழ 4 மில்லிமீற்றர்தான். நம்மூரில் ஒரு தூறலுக்கே அதை விடக் கூட விழும். ஜனவரி 7ஆம் திகதி பாலைவனப் பக்கமிருந்து சான்டா அனா காற்று கடலை நோக்கி இறங்கியது. பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு நெருப்புகளிலும் சேர்த்து 16,000க்கு மேல் கட்டிடங்கள் போயின.

சான்டா அனாவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்ம கச்சான் காற்றுத்தான் நினைவுக்கு வரும். (வறுத்த கச்சானைச் சொல்லவில்லை, அது வேறு சந்தோஷம்.) தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை. அதனால்தான் ஆனி, ஆடியில் உதடு வெடிக்கிறது. வேகத்தில் சான்டா அனாவுக்குக் கிட்டவும் வராது, ஆனால் வேலை ஒன்றுதான்.

அக்கரைப்பற்று: அப்படியென்றால் வரட்சி வந்தால் நெருப்புப் பயமில்லை என்று எடுக்கலாமா நாநா?

ஐயோ, அப்படி எடுக்காதீங்க. புல்வெளிக்கு ஒரு கணக்கு, காட்டுக்கு வேறு கணக்கு.

அடர்ந்த காட்டில் எரிபொருளுக்கு எந்த வருடமும் பஞ்சமில்லை. அங்கே நெருப்பைத் தடுப்பது ஈரம், வரட்சி வந்தால்தான் அந்தப் பூட்டுத் திறக்கும். புல்வெளியில் காய்வதற்கு வெயில் எப்போதும் இருக்கிறது, எரிபொருள்தான் குறை. அதை மழை கொண்டுவந்து கொடுக்கிறது. அவுஸ்திரேலியாவில் இரண்டையும் பார்க்கலாம். அங்கே 1973-74இல் உள்நாட்டுப் பாலைநிலமெல்லாம் வெள்ளக்காடு. அடுத்த பருவம், 1974-75இல், அந்த மழையில் வளர்ந்த புல் எரிந்தது. மொத்தம் ஏறத்தாழ 117 மில்லியன் ஹெக்டேயர், கண்டத்தின் 15 சதவீதம். இலங்கை மாதிரி பதினேழு தீவுகளை அடுக்கினாலும் போதாது. ஆள் நடமாட்டமில்லாத இடம் என்பதால் உலகம் பெரிதாகப் பேசவில்லை. 2019-20இல் கிழக்குக் கரைக் காடுகள் எரிந்தது நேர்மாறான கதை. 2019 அந்த நாட்டின் பதிவிலேயே மிக வரண்ட வருடம்.

நம்ம பக்கம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு மாரியும் புல்லை வளர்க்கும், ஒவ்வொரு கோடையும் காய வைக்கும். ஆகவே புல்வெளியில் நின்றால் "போன மாரி எப்படி?" என்று கேளுங்கள், காட்டோரம் நின்றால் "கடைசி மழை எப்போது?" என்று கேளுங்கள்.

செங்கலடி: ரோட்டோரம் ஆளுயரத்துக்கு நிற்கிற கினிப்புல்லும் இதில் சேருமா?

அதுதான் முதல் ஆள்! ஆபிரிக்காவிலிருந்து மாட்டுத் தீனியாக உலகமெல்லாம் போன புல். மழை கிடைத்தால் இரண்டு மீற்றரைத் தாண்டும். ஹவாயில் லஹாய்னா என்ற ஊரைச் சுற்றிக் கரும்புத் தோட்டம் இருந்தது. ஆலை 1999இல் மூடப்பட்டது, தரிசாகக் கிடந்த நிலத்தைக் கினிப்புல்லும் அதன் சகோதரங்களும் பிடித்துக்கொண்டன. 2023 ஆகஸ்ட் 8ஆம் திகதி பலத்த காற்றில் அந்தப் புல்லில் ஓடிய நெருப்பு ஊருக்குள் புகுந்தது. இறந்தவர்கள் நூறு பேருக்கு மேல். கைவிட்ட வயலைப் பார்த்தால் எனக்கு அந்த ஊர் நினைவு வரும்.

வெல்லாவெளியிலிருந்து ஒரு பட்டிக்காரர்: பழம்புல்லைக் கொளுத்தினால்தான் மாட்டுக்குக் குருத்து வரும். அப்பன் காலத்திலிருந்து செய்கிறோம். பிழையா?

குருத்து வரும், மறுக்கமாட்டேன். நம் பக்கத்துப் புல்வெளிகளில் கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை போன்ற மரங்களே நிற்பதற்குக் காரணம் அடிக்கடி வந்த நெருப்புத்தான். அவை தாங்கின, மற்றவை செத்தன. ஆனால் அண்ணே, கொளுத்தக் கொளுத்த மேலோங்குவது இலுக்கு என்ற முரட்டுப் புல். அதன் கிழங்குவேர் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். மாடு விரும்பும் புல் குறைந்து, முற்றினால் மாடு தொடாத இலுக்கு கூடும். உங்கள் பட்டிக்கே நட்டம்.

வட அவுஸ்திரேலியாவில் ஆதிக்குடிகள் கொளுத்துவதும் உண்டு, ஆனால் கோடை தொடங்கும்போது, புல் பாதி பச்சையாக இருக்கையில், சின்னத் துண்டுகளாக. ஆடிக் கச்சானில் ஒரு நெருப்புக்குச்சியை எறிந்துவிட்டு வீட்டுக்குப் போவது வேறு. ஒதுக்கக் காட்டில் தீ மூட்டுவது 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டப்படி குற்றமும் கூட. நெருப்பை விட நல்ல வேலை உங்கள் மாடுகள் செய்யும். மாடு மேய்ந்த தரையில் எரிய ஒன்றும் மிஞ்சாது. பெரும்போகத்தில் (மாரிகால நெற்செய்கையில்) மாடு வயலுக்குக் கிட்ட வரமுடியாது, மேய்ச்சல் தரைக்கு வழியும் இல்லையென்றால் அந்த வருடப் புல் அப்படியே நிற்கும். மேய்ச்சல் தரை என்றால் பால் கணக்கை மட்டும் பேசுகிறோம், நெருப்புக் கணக்கை யாரும் பேசுவதில்லை.

திருக்கோவில்: எல் நினோ வருடம் என்றால் நமக்குக் கோடைதானே?

அவ்வளவு நேராக இல்லை. எல் நினோ வருடங்களில் (பசிபிக் கடலின் மேற்பரப்பு வழமையை விடச் சூடாகும் வருடங்கள்) இலங்கையில் ஐப்பசி முதல் மார்கழி வரை மழை கூடுவதும், தை முதல் பங்குனி வரை குறைவதும் பொதுவான போக்கு. முதலில் புல்லை வளர்த்துவிட்டு, பிறகு தண்ணீரை வழமையை விட முந்தி நிறுத்துகிற மாதிரி.

கொக்கட்டிச்சோலை: வைக்கோல் கொளுத்துவதால் ஆபத்தா?

ஆம். எனக்கே நடந்திருக்கிறது. ஒரு சிறுபோக அறுவடைக்குப் பின் பகல் ஒரு மணிக்குக் கொளுத்தினேன், படித்த மனிசன். வரம்பு தடுக்கும் என்ற நினைப்பு. வரம்பிலேயே ஒரு முழ உயரத்துக்குப் புல் நிற்பதை நான் பார்க்கவில்லை. அடுத்த வட்டையில் (வயல்வெளியில்) ஒருவரின் வாடி (குடிசை) எரிந்துபோய்விட்டது. கிடுகு வாங்கிக் கொடுத்து நானே கூடநின்று கட்டினேன். வைக்கோலை வயலிலேயே உழுது விடுங்கள்.

வாகரை: முந்திரிகைத் தோட்டத்துக்கு நடுவில் வீடு. என்ன செய்யலாம் ஐயா?

மகள், மரத்தை வெட்டத் தேவையில்லை. கீழே கிடக்கும் சருகையும் புல்லையும் அகற்றுங்கள். வீட்டைச் சுற்றி பத்து மீற்றர் அளவுக்குச் செதுக்கி வெறுந்தரையாக விடுங்கள். கிடுகு வேலி வீட்டைத் தொடுகிறதென்றால் கடைசி இரண்டு பாக நீளத்தை (ஒரு பாகம் இரண்டு கையையும் விரித்த அளவு) கழற்றிவிடுங்கள், நெருப்பு வேலிவழியே நடந்துவரும். கச்சான் வீசும் பகலில் குப்பை எரிக்க வேண்டாம். நெருப்பு கண்டால் 110, அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

வாகரை மகள் மீண்டும்: எப்போது செதுக்குவது?

வைகாசிக்குள். மிக முந்திச் செதுக்கினால் சித்திரையில் பெய்கிற ஒரு மழைக்குத் திரும்ப முளைக்கும், பிந்தினால் கத்தி கல்லில் பட்டுப் பறக்கும் பொறியே போதும். புல்லைக் கையில் கசக்கிப் பாருங்கள். துவண்டால் இன்னும் நாள் இருக்கிறது, நொறுங்கினால் பிந்திவிட்டீர்கள். நான் மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டு வைத்திருக்கிறேன், வருகிற ஞாயிறு என் வளவில் தொடக்கம்.