ஃபெரிட்டின் 240, ஹீமோகுளோபின் 9: இரும்பு மாத்திரை ஏன் பலிக்கவில்லை?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, முடக்குவாதம் (மூட்டு அழற்சி நோய்). ஆறு மாதமாக இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 9-லேயே நிற்கிறது. ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) 240, டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் நிரம்பியிருக்கும் பங்கு) 12 சதவீதம். இரும்பு ஊசி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: அவசரப்பட்டுப் போடாதீர்கள். அம்மாவின் உடம்பில் இரும்பு இருக்கிறது, ஆனால் ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேரவில்லை. மூட்டு அழற்சியில் ஊறும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம், கல்லீரலை ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. செல்லிலிருந்து இரும்பு வெளியேற ஃபெரோபோர்ட்டின் என்ற ஒரே வாசல்தான் உண்டு. ஹெப்சிடின் அதை அழித்துவிடும். கிழட்டுச் சிவப்பணுக்களை உடைத்துத் தினமும் 20-25 மில்லிகிராம் இரும்பைத் திருப்பித் தரும் மேக்ரோஃபேஜ் செல்கள் அதைத் தம்மிடமே தேக்கிக்கொள்கின்றன. குடல் செல்லுக்குள் போன மாத்திரை இரும்பு, சில நாளில் அந்தச் செல் உதிரும்போது மலத்தோடு போய்விடும். டி.என்.எஃப்., இன்டர்ஃபெரான்-காமா போன்ற மற்ற அழற்சிப் புரதங்கள் மஜ்ஜையின் உற்பத்தியையும் மந்தமாக்குகின்றன.

ஆகவே முதல் சிகிச்சை மூட்டுக்குத்தான். அழற்சி அடங்கினால் ஹீமோகுளோபின் பெரும்பாலும் தானே ஏறும். 'ரத்தம் ஊற' டானிக் விற்பவரும், 'ஒரே டிரிப்பில் 12 ஆக்கித் தருகிறோம்' என்று பேக்கேஜ் பிடித்துத் தரும் தரகரும் சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று கேட்பதேயில்லை. நரம்பில் ஏற்றினாலும் இரும்பு முதலில் மேக்ரோஃபேஜுக்குத்தான் போகும்; கதவு சாத்தியிருந்தால் பெரும்பகுதி அங்கேயே கிடக்கும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். அம்மா வலி மாத்திரையை நீண்ட நாளாகச் சாப்பிடுகிறாரா? இரைப்பையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கசிந்து, நிஜமான இரும்புக் குறைவும் சேர்ந்திருக்கலாம். இரும்பு மாத்திரையே மலத்தைக் கறுப்பாக்குவதால் கசிவு கண்ணுக்குத் தப்பிவிடும். அழற்சி ஃபெரிட்டினையும் உயர்த்திக் காட்டும். ஆய்வகத் தாளில் கீழ் எல்லை 15 என்று அச்சிட்டிருப்பார்கள், 60 வந்தால் 'நார்மல்' என்று கோப்பை மூடிவிடுவார்கள். இந்த அலட்சியத்தைப் பொறுக்கவே முடியவில்லை. அழற்சி உள்ளவருக்கு, செறிவு 20 சதவீதத்துக்குக் கீழிருந்து ஃபெரிட்டினும் 100-க்குக் கீழிருந்தால் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். 240 அந்த எல்லையைத் தாண்டியது. ஆனாலும் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 80-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், கரையும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி (soluble transferrin receptor) என்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள். நிஜக் குறைவில் அது உயரும், வெறும் அழற்சியில் பொதுவாக உயராது. குறைவு உறுதியானால் ஊசிக்கு நியாயம் உண்டு. கசிவு எங்கே என்றும் அப்போதே தேட வேண்டும்.

அடுத்த முறை சி.ஆர்.பி., ஃபெரிட்டின், செறிவு மூன்றையும் ஒரே நாள் ரத்தத்தில் எடுத்து, வாதநோய் மருத்துவரிடமே காட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஹீமோகுளோபின் 7-ஐ நெருங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.