அட்டாலியில் (பரணில்) கிடக்கும் பழைய புத்தகங்கள்: கேள்வி பதில்

வீட்டில் இருக்கும் பழைய புத்தகங்களைப் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்திலிருந்து நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

காங்கேயம்: எங்க அப்பாரு காலத்துப் புத்தகம் ஒரு பெட்டி நிறைய அட்டாலியில இருக்குதுங்க. நூறு வருசத்துக்கு மேல ஆச்சுன்னு சொல்றாங்க. நல்ல விலை போகுங்களா?

வயதை மட்டும் வைத்து விலை சொல்ல முடியாதுங்க. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை மாதிரி திரும்பத் திரும்ப அச்சானவை நூறு வருடம் ஆனாலும் பல இடங்களில் கிடைக்கும். அதே பெட்டியின் அடியில் எட்டுப் பக்கத்தில் ஒரு கோயில் பதிகமோ, பஞ்சத்தைப் பற்றிய சிந்தோ, கல்யாணத்தில் குடிமகன் (நாவிதர்) பாடும் மங்கல வாழ்த்தோ மெல்லிய தாளில் கிடக்கலாம். நம் பக்கத்துச் சிறு ஊர் அச்சகத்தில் அடித்ததாக இருந்தால் இன்னும் நல்லது. அதை அன்றைக்கு யாரும் பத்திரப்படுத்தவில்லை. பெரிய நூலகத்தில்கூட இல்லாமல் போயிருக்கலாம்.

அதனால் விற்பதோ வைத்துக்கொள்வதோ அப்புறம். முதலில் ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள். நூலின் பெயர், எழுதியவர், பதிப்பித்தவர், அச்சுக்கூடம், ஊர், ஆண்டு, பக்கம், போட்டிருக்கும் விலை. உள்ளே யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். "இன்னாருக்குச் சீதனமாக வந்தது" என்று பென்சிலில் இருக்கும் ஒரு வரியை அழித்துச் சுத்தம் செய்தால், அந்தப் பிரதியைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத செய்தி போய்விடும்.

பெருந்துறை: முன்பக்கமும் இல்லை, கடைசிப் பக்கமும் இல்லை. இதை வைத்து என்ன செய்ய?

தூக்கிப் போடாதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து விசயமங்கலத்துக் கொங்குவேளிர் பாடியதாகச் சொல்லும் பெருங்கதையே முதலும் முடிவும் இல்லாமல்தான் உ.வே.சா. கைக்குக் கிடைத்தது. அப்படியே 1924-ல் அச்சிட்டார். இல்லாத பகுதிக்காகக் காத்திருந்தால் இருந்ததும் போயிருக்கும்.

உங்கள் புத்தகத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பக்கத்தின் மேல் வரியைப் பாருங்கள். பெரும்பாலும் நூற்பெயரோ பகுதியின் பெயரோ இருக்கும். செய்யுளாக இருந்தால் நடுவில் ஒரு பாட்டின் முதலடியை எடுத்து இணையத்தில் தேடுங்கள்.

காலத்துக்கு எழுத்தைப் பாருங்கள். மெய்யெழுத்தின் மேல் புள்ளியே இல்லையென்றால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்க அச்சாக இருக்கலாம். ஓலையில் புள்ளி வைக்காமல் எழுதிய பழக்கம் அச்சிலும் சில காலம் தொடர்ந்தது. பக்க எண் தமிழ் எண்ணில் இருப்பதும் ஒரு குறிப்பு. அப்புறம் ணை, லை, னை, றா, னா போன்ற எழுத்துகளின் வடிவத்தைப் பாருங்கள். அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றது 1978-ல். அதற்கு முன் பெரும்பாலும் பழைய கொம்பும் சுழியும்தான். ஆனால் ஈரோட்டில் 1925-ல் பெரியார் தொடங்கிய குடிஅரசு, 1935-லேயே புது எழுத்துக்கு மாறிவிட்டது. எனவே பழைய தாளில் புது எழுத்தைக் கண்டால் சுயமரியாதை இயக்க வெளியீடா என்று பாருங்கள். ஈரோட்டுக்காரர்கள் இதை நிச்சயம் கவனிக்க வேண்டும்.

திருச்செங்கோடு: "விகிர்தி வருடம்" என்று மட்டும் போட்டிருக்கிறது. எந்த ஆண்டு?

அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பும். 1830, 1890, 1950 மூன்றும் விகிர்திதான். தாளையும் எழுத்தையும் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கலியாண்டு இருந்தால் அதிலிருந்து 3101-ஐக் கழியுங்கள். ஓராண்டு முன்பின் வரும். சக ஆண்டானால் 78-ஐக் கூட்டுங்கள்.

கோவை, கல்லூரி மாணவி: வெளிநாடுகளில் அரிய நூல் சேர்ப்பவர்களுக்கென்றே சங்கங்கள் இருக்கிறதாமே? அவை என்ன செய்கின்றன?

நல்ல கேள்வி, அம்மணி. லண்டனில் ராக்ஸ்பர்க் கிளப் 1812-ல் தொடங்கியது. சென்னையில் திருக்குறள் முதன்முதலாக அச்சேறியதும் அதே 1812-ல்தான். நியூயார்க்கின் குரோலியர் கிளப் 1884-ல் வந்தது, லண்டனின் நூலியல் சங்கம் 1892-ல். சேர்ப்பவர்கள் கூடிப் புத்தகத்தைக் காட்டிப் பெருமைப்படுவது அதில் ஒரு பகுதிதான். அரிய நூலை மறுபதிப்புச் செய்வது, ஒரே நூலின் பல பிரதிகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது, எந்தப் பதிப்பு முந்தியது, எந்தப் பிரதி யாரிடம் இருக்கிறது என்று பதிந்து வைப்பது, இவைதான் நிலைக்கிற வேலை.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. மர்டாக் பாதிரியார் 1865-லேயே தமிழ் அச்சு நூல்களுக்கு வகைப்படுத்திய பட்டியல் போட்டார். 1867-ல் வந்த சட்டத்தால் அச்சான நூல்களை அரசு காலாண்டுக்கு ஒருமுறை பட்டியலிட்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்ததை, அவர் 1992-ல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிற்கச் செய்தது. ஒரு மனிதர் சேர்த்தது இன்று எத்தனை ஆராய்ச்சிக்கு ஆதாரம்!

நாடு தழுவிய சங்கம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஓர் ஊரில் நான்கு பேர் தங்கள் பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்தால் அதுவே தொடக்கம். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு எல்லோரும் வருகிறோமே, அங்கே பட்டியலோடு சந்திக்கலாம்.

பொள்ளாச்சி: ராமபாணப் பூச்சி, மழைக்காலத்தில் பூஞ்சை. வசம்பு போதுமா?

வசம்பும் வேப்பிலையும் புதுப்பூச்சி வராமல் ஓரளவு தடுக்கும். உள்ளே இருப்பதைக் கொல்லாது. பூச்சி பிடித்த அச்சுப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் தாளில் ஈரம் கோத்துக்கொள்ளும். ஓலைச்சுவடிக்கு இதைச் செய்ய வேண்டாம்.

பூஞ்சைக்குக் காற்றோட்டம்தான் மருந்து. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும் பக்கத்தில் அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். வெயிலில் காயப்போடக் கூடாது. காங்கேயம், தாராபுரம் பக்கம் தொல்லை வேறு: தகரக் கூரைக்கடியில் சூடேறித் தாள் அப்பளம்போல் நொறுங்கும். அங்கே அட்டாலியிலிருந்து கீழே இறக்குவதே பாதி வைத்தியம்.

கோபி: கிழிந்த பக்கத்தை செல்லோடேப் போட்டு ஒட்டலாமா? லேமினேஷன்?

இரண்டும் வேண்டாம். டேப்பின் பசை பழுத்துத் தாளில் இறங்கிவிடும். லேமினேஷனைத் திரும்பப் பிரிக்க முடியாது. கிழிந்த துண்டை ஒரு கவரில் போட்டு அதே புத்தகத்தோடு வையுங்கள்.

நாமக்கல்: அப்புச்சி வீட்டில் ஓலைச்சுவடி இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கேட்கிறார். கொடுக்கலாமா?

அனுப்பக் கூடாது. எழுபத்தைந்து வருடம் கடந்த, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படிகளைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. படம் எடுத்து அனுப்புங்கள், போதும். கட்டை அவிழ்க்கும்போது ஓலையின் வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களாக எண்ணெய் தடவ வேண்டாம். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

உடுமலை: பழைய நூலை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் கொடுக்கலாமா?

எழுதியவர் இறந்து அறுபது ஆண்டு கடந்திருந்தால் தாராளமாக. அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களுக்கும் தடையில்லை. ஸ்கேன் செய்யும்போது அட்டை, விளம்பரப் பக்கம், பிழைதிருத்தம் எதையும் விடாதீர்கள். அந்தக் காலப் புத்தக விலையும் அச்சகத்தின் மற்ற வெளியீடுகளும் அந்த விளம்பரப் பக்கத்தில்தான் இருக்கும். தமிழிணையம் மின்னூலகத்தில் அதே பதிப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேறு பதிப்பு இருந்தால் உங்களுடையதும் வேண்டும்.